வட்டக் கவசம், நீளக் கவசம்: கவசச் செதில் பூச்சிகளை எதைக் கொண்டு பிரிப்பது?

ஜூன் 2, வாசகர் ஒருவரின் கேள்வி

முசுக்கொட்டைக் கிளை ஒன்றில், செடியில் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும் கவசச் செதில் பூச்சிகளில் இரண்டு வகைகளைக் கண்டேன். ஒன்று வட்டமான வெள்ளைக் கவசம் உடையது. மற்றொன்று அதைவிடச் சிறியதும் நீளமானதுமான வெள்ளைக் கவசம் உடையது. வட்டமானவற்றை ஆஸ்பிடியோட்டஸ் வகையென்றும் நீளமானவற்றை லெபிடோசாஃபிஸ் வகையென்றும் பிரித்து வைத்திருக்கிறேன். கவசத்தின் வடிவமே இவ்வளவு தெளிவாக இருக்கும்போது, பூச்சியைக் காரத்தில் வேகவைத்து, சாயமேற்றி, கண்ணாடித் தகட்டில் பதித்துத்தான் வகைப்படுத்த வேண்டும் என்று ஏன் வற்புறுத்துகிறார்கள்?

ஜூன் 2, இரவு

கவசம் பூச்சியின் உடல் அன்று. அது கட்டிக்கொண்ட வீடு. தான் சுரக்கும் மெழுகு, தான் உரித்த தோல்கள், தன் கழிவு ஆகிய மூன்றையும் சேர்த்துப் பூச்சி அதைக் கட்டுகிறது. தாவரத்தில் செருகிய வாய் ஊசியை அச்சாக வைத்துக்கொண்டு உடலை முழுவதும் சுழற்றியபடி கட்டினால் வட்டம் கிடைக்கும். வயிற்று நுனியை இருபுறமும் ஊசலாட்டியபடி மெல்ல ஒரே திசையில் நீட்டிக்கொண்டு போனால் சிப்பி போன்ற நீள வடிவம் கிடைக்கும். ஆகவே கவசத்தின் வடிவம் கட்டுபவரின் கைப்பழக்கத்தைச் சொல்லுமே தவிர, அவருடைய குலத்தை உறுதியாகச் சொல்லாது.

கவசத்தை ஊசியால் நெம்பினால் உள்ளே இருக்கும் முதிர்ந்த பெண்ணுக்குக் காலும் இல்லை, சிறகும் இல்லை. உணர்கொம்பு ஒரு சிறு முண்டாகக் குறுகியிருக்கும். பெரும்பாலானவை ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். வகைப்பாட்டாளருக்கு இந்த உடலில் எஞ்சியிருக்கும் சாட்சி, வயிற்றின் கடைசி வளையங்கள் ஒன்றாக இணைந்து உருவான பைஜிடியம் என்னும் நுனிப்பகுதி. அதன் விளிம்பில் மடல்களும், மடல்களுக்கு இடையே தட்டுகளோ சுரப்பி முட்களோ இருக்கும்; பரப்பில் மெழுகு நாளங்களின் திறப்புகள் இருக்கும். இந்தக் குடும்பமாகிய டையாஸ்பிடிடேயில் 2,600க்கு மேற்பட்ட இனங்களும் 400க்கு மேற்பட்ட பேரினங்களும் பெயரிடப்பட்டுள்ளன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை இந்த ஒரு நுனியைப் பார்த்தே பிரிக்கப்பட்டவை.

குடும்பத்துக்கும் பேரினத்துக்கும் இடைப்பட்ட படியை இங்கே குலம் என்று எழுதுகிறேன். இரண்டு பெருங்குலங்களை இப்படிப் பிரிக்கலாம். ஆஸ்பிடியோட்டினியில் மடல்கள் பிளவுபடாதவை. இடையே ஓரம் கிழிந்த துணி போன்ற தட்டுகள் இருக்கும். நாளத்தின் உள்முனையில் தடித்த பட்டை ஒன்றுதான் இருக்கும். டையாஸ்பிடினியில் இரண்டாம் மடல் இரண்டாகப் பிளந்திருக்கும்; தட்டுகளின் இடத்தில் கூம்பு போன்ற சுரப்பி முட்கள் இருக்கும்; நாளத்தில் இரண்டு பட்டைகள் தெரியும். பட்டைகளை எண்ணத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஜூன் 3

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். உங்கள் நீளக் கவசங்களில் உரித்த தோல் எத்தனை ஒட்டியிருக்கிறது? அவற்றின் முதுகில் நீளவாக்கில் வரப்புகள் தெரிகின்றனவா?

ஜூன் 3, மாலை

கேட்ட காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். பெண் இரண்டு முறை தோலுரித்து முதிர்ச்சியடைகிறது. ஆகவே அதன் கவசத்தில் இரண்டு தோல்கள் இருக்கும். ஆண் தன் கவசத்தை இரண்டாம் பருவத்தோடு கட்டி முடித்துவிட்டு, அதற்குள்ளேயே மேலும் இரண்டு ஓய்வுப் பருவங்களைக் கடந்து, ஒரே ஒரு இணைச் சிறகுகளுடனும் வாயே இல்லாமலும் வெளியே வருகிறது. அதன் கவசத்தில் ஒரு தோல்தான் இருக்கும். டையாஸ்பிடினியின் பல பேரினங்களில் பெண்ணின் கவசம் வட்டம், ஆணின் கவசம் நீளம். டையாஸ்பிஸ், ஆலகாஸ்பிஸ், சூடாலகாஸ்பிஸ் ஆகிய மூன்றுமே அப்படித்தான். நீங்கள் இரண்டு குலங்களாகப் பிரித்து வைத்திருப்பது ஒரே வீட்டின் கணவன் மனைவியாகவும் இருக்கலாம்.

வட்டமாக இருப்பதெல்லாம் ஆஸ்பிடியோட்டினி அன்று என்பதற்கும் இதே பேரினங்கள் சான்று. அவற்றின் பெண்கள் வட்டக் கவசத்தின் கீழ் அசல் டையாஸ்பிடினி நுனியை வைத்திருப்பவை.

ஜூன் 5

முதல் குறிப்பில் நான் போட்ட கோடு மிகவும் நேராக இருந்துவிட்டது, திருத்துகிறேன். அந்தப் பிரிப்பை நம்பிப் பார்லட்டோரியா என்ற பேரினத்தைப் பார்ப்பவர் நடுவழியில் நிற்பார். அதன் தட்டுகள் ஓரம் கிழிந்தவை, மடல்கள் பிளவுபடாதவை. அந்த அளவில் அது ஆஸ்பிடியோட்டினி. ஆனால் அதன் நாளங்களில் இரண்டு பட்டைகள் இருக்கின்றன. அந்த அளவில் அது டையாஸ்பிடினி. நான் பழகத் தொடங்கிய காலத்தில், பட்டைகளை எண்ணிப் பாதி வேலையை முடித்துவிட்ட பெருமிதத்தோடு ஒரு பார்லட்டோரியாவைத் தவறான பெட்டியில் வைத்திருந்தேன். அதன் தட்டுகள் பைஜிடியத்தோடு நில்லாமல் முன்பக்க வயிற்று வளையங்களின் ஓரத்திலும் தொடர்வதைக் கண்ட பிறகுதான் வெட்கம் வந்தது.

இதனால்தான் பார்லட்டோரினி என்று அதற்குத் தனிக் குலம் கொடுத்தார்கள். தனிக் குலம் கொடுப்பது சிக்கலைத் தள்ளிவைப்பதற்கான நாகரிகமான வழி என்று நான் நெடுங்காலம் நினைத்திருந்தேன். அந்த எண்ணத்தையும் பின்னால் மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. அதை மரபணுக்களைப் பற்றி எழுதும்போது சொல்கிறேன்.

ஜூன் 6

முதலில் கேட்டவர் மறுபடி கேட்கிறார்: “அப்படியானால் பைஜிடியம் மட்டும் பொய் சொல்லாதா?”

சொல்லும். இரண்டு விதமாகச் சொல்லும். ஒன்றை இன்று எழுதுகிறேன்.

சில பேரினங்களில் இரண்டாம் பருவத்தின் தோல் தடித்து இறுகிப் பெட்டி போல ஆகிவிடுகிறது. முதிர்ந்த பெண் அதைவிட்டு வெளியே வருவதே இல்லை. அதற்குள்ளேயே சுருங்கி, முட்டைகளையும் அதற்குள்ளேயே இடுகிறது. ஃபியோரினியா, அயோனிடியா, ஜிம்னாஸ்பிஸ் ஆகியவை இத்தகையவை. நான் ஃபியோரினியாவை முதன்முதலாகத் தகட்டில் பதித்தபோது, பத்து விழுக்காடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் சூடாக்கி, அமிலப் ஃபூக்சின் சாயம் ஏற்றி, கிராம்பு எண்ணெயில் தெளியவைத்து, கனடா பால்சத்தில் பதித்து, எல்லாவற்றையும் முறைப்படி செய்தேன். மடல்கள் அழகாகத் தெரிந்தன. வழக்கப்படி இடப்பாதியில் மேற்புறத்தையும் வலப்பாதியில் அடிப்புறத்தையும் காட்டும் படத்தை இரண்டு மாலைகள் உட்கார்ந்து வரைந்தேன். பிறகு, பண்புகளை ஒவ்வொன்றாகக் கேட்டு இனத்துக்கு இட்டுச்செல்லும் அடையாளத் திறவுகோலில் இறங்கினால் எந்தக் கிளையும் பொருந்தவில்லை. புதிய இனமாக இருக்குமோ என்ற ஆசையும் எட்டிப் பார்த்தது.

மூன்றாவது நாள் உருப்பெருக்கியின் குவியத்தைச் சற்று இறக்கியபோது, நான் வரைந்த உருவத்துக்குள்ளேயே, முட்டைகளுக்கு நடுவே, மெல்லிய தோலுடன் இன்னொரு உருவம் கிடந்தது. அதுதான் முதிர்ந்த பெண். நான் இரண்டு மாலைகள் உட்கார்ந்து வரைந்தது அவள் கழற்றிப் போட்ட சட்டையை.

இந்தத் தவறு என்னோடு போனால் பரவாயில்லை. பெட்டிக்குள் வாழும் பெண்ணுக்குக் கவசம் கட்டும் வேலை இல்லாததால், கட்டுவதற்கான கருவிகளாகிய மடல்களும் தட்டுகளும் நாளங்களும் தேய்ந்துபோகின்றன. தொடர்பே இல்லாத பல கிளைகளில் இந்தப் பழக்கம் தனித்தனியே தோன்றியிருக்கிறது. ஆனால் தேய்ந்த நுனிகள் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன. உருவத்தை மட்டும் பார்ப்பவருக்கு, இல்லாமையில் ஒத்திருப்பவை உறவினர்களாகத் தோன்றிவிடும்.

ஜூன் 9

இரண்டாவது பொய் இதைவிட நுட்பமானது. கியோனாஸ்பிஸ் என்ற பேரினம் பெரும்பாலும் மரப்பட்டையில் வாழ்வது. அதன் நடு மடல்கள் உருண்டு வெளியே துருத்தியிருக்கும். ஃபெனகாஸ்பிஸ் என்ற பேரினத்தை 1899இல் குலியும் காக்கரலும் உருவாக்கினார்கள். அது இலையில் வாழ்வது. அதன் நடு மடல்கள் விலகி விரிந்து, நுனியில் ஒரு வெட்டு விழுந்தது போல உள்ளே அமிழ்ந்திருக்கும். ஒரு பேரினத்தைப் பிரிக்க இதைவிடத் தெளிவான வேறுபாடு வேண்டாம் என்றுதான் பலரும் கருதினார்கள். நானும் படித்தவுடன் அப்படித்தான் கருதியிருப்பேன்.

1967இல் ஜப்பானில் தகாகியும் கவாயும் அந்தப் பிரிவை மறுத்து எழுதினார்கள். குஞ்சு இலையில் குடியேறினால் ஒரு வடிவமாகவும் பட்டையில் குடியேறினால் வேறு வடிவமாகவும் வளர்கிறது. இடம் செய்த வேறுபாட்டை மனிதர் பேரினமாக்கிவிட்டார் என்பது அவர்கள் வாதம். பின்னர் நிஸ்ஸா மரத்தின் இலையிலும் பட்டையிலும் இரண்டு தனிப் பெயர்களில் இருந்தவை ஒரே இனம் என்று தெரியவந்தது. ஃபெனகாஸ்பிஸ் இன்று கியோனாஸ்பிஸின் ஒத்தபெயர் மட்டுமே.

இதை எழுதும்போது என் முதல் குறிப்பை நினைத்துக்கொள்கிறேன். “கவசம் வீடு, பைஜிடியம் உடல்” என்று அவ்வளவு உறுதியாகப் பிரித்தேன். உடலும் ஓரளவுக்கு இருக்கும் இடத்தின் செய்கைதான் என்று இப்போது நானே எழுத வேண்டியிருக்கிறது. அதற்காகப் பைஜிடியத்தைக் கைவிட முடியாது. ஒரே தகட்டை வைத்து முடிவு சொல்வதைக் கைவிடலாம். இலையிலிருந்து சில, பட்டையிலிருந்து சில, காயிலிருந்து சில என்று எடுத்துப் பதித்த பிறகே பேச வேண்டும்.

ஜூன் 10

“காக்கரல் எத்தனை பெயர்தான் வைத்தார்?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஏராளம். விலகிச் செல்ல வேண்டாம்.

ஜூன் 14

மரபணுக்களைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். 2006இல் மோர்ஸும் நார்மார்க்கும் இரண்டு மரபணுக்களின் வரிசைகளைக் கொண்டு இந்தக் குடும்பத்தின் உறவு மரத்தை வரைந்தார்கள். 2010இல் வெளியான ஆய்வு அத்துடன் மைட்டோகாண்டிரியாவின் வரிசைகளையும், பூச்சியின் உடலுக்குள் வாழும் உசினுரா என்ற பாக்டீரியாவின் வரிசைகளையும் சேர்த்துக்கொண்டது. இந்தப் பாக்டீரியா தாயிடமிருந்து குட்டிகளுக்கே போவது. ஆகவே விருந்தாளியின் பரம்பரையும் வீட்டுக்காரியின் பரம்பரையும் சேர்ந்தே நடக்கின்றன. இவற்றின் தொடர்ச்சியாக 2019இல் நார்மார்க்கும் உடன் உழைத்தவர்களும் குடும்பத்தை நான்கு துணைக்குடும்பங்களாக அடுக்கினார்கள்: ஆன்செபாஸ்பிடினே, ஃபர்காஸ்பிடினே, டையாஸ்பிடினே, ஆஸ்பிடியோட்டினே (‘னே’ என்று முடிவது துணைக்குடும்பம், ‘னி’ என்று முடிவது அதற்குள் அடங்கும் குலம்). முதல் இரண்டும் சிறியவை. பெருங்கூட்டம் பின்னிரண்டில் அடங்குகிறது. லெபிடோசாஃபிஸின் உறவினர்கள் டையாஸ்பிடினேக்குள் லெபிடோசாஃபிடினி என்ற தனிக் குலமாக இருக்கின்றன.

இந்த அடுக்கில் பார்லட்டோரினி ஆஸ்பிடியோட்டினேயின் பக்கம் நிற்கிறது. அதாவது கிழிந்த தட்டுகள் சொன்னது சரி. நான் எண்ணிப் பெருமைப்பட்ட இரட்டைப் பட்டை அங்கே உறவைக் காட்டவில்லை. இரண்டு பட்டை என்பது பழைய நிலையாகவும் ஒற்றைப் பட்டை பின்னால் வந்த நிலையாகவும் இருக்குமானால், இரண்டு பட்டை உடையவை எல்லாம் தம்முள் நெருங்கியவை என்று முடிவு கட்டுவது, தாத்தாவின் மூக்கு இருப்பதால் பக்கத்து ஊர்ச் சிற்றப்பா மகனை உடன்பிறந்தவன் என்று சொல்வது போலாகும். தனிக் குலம் கொடுப்பது சிக்கலைத் தள்ளிவைக்கும் வழி என்று ஜூன் 5இல் எழுதியதையும் இந்த இடத்தில் திரும்பப் பெறுகிறேன். தெரியாததைத் தனியே வைத்தவர்கள் பின்னால் வந்தவர்களுக்கு நன்மையே செய்திருக்கிறார்கள்.

உருவத்தால் வகுத்த பல பெரிய பேரினங்கள் மரபணு மரத்தில் ஒரே கிளையாக நிற்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவற்றின் வீடுகள் இனிமேல்தான் பிரிக்கப்படும். நம் தகடுகளில் ஒட்டிய பெயர்ச்சீட்டுகளைக் கிழித்து ஒட்டும் வேலை நமக்கு உண்டு.

ஜூன் 15

பெயர்ச்சீட்டு என்றதும் சான் ஹோசே செதில் பூச்சி நினைவுக்கு வருகிறது. கலிஃபோர்னியாவில் கண்ட இதற்குக் காம்ஸ்டாக் 1881இல் ஆஸ்பிடியோட்டஸ் பெர்னிசியோசஸ் என்று பெயரிட்டார். 1921இல் மக்கிலிவ்ரே அவர் பெயரையே தாங்கிய காம்ஸ்டாகாஸ்பிஸ் என்ற பேரினத்தை இதற்காக அமைத்தார். அதை ஏற்காதவர்கள் குவாட்ராஸ்பிடியோட்டஸில் வைத்தார்கள். அதன் பிறகு வந்தவர்கள் டையாஸ்பிடியோட்டஸில் வைத்தார்கள். இன்று மறுபடியும் காம்ஸ்டாகாஸ்பிஸ் என்ற பெயர் பயன்பாட்டில் இருக்கிறது. என்னிடம் உள்ள ஒரு தகட்டில் மூன்று பெயர்ச்சீட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியிருக்கின்றன. பூச்சியைவிடச் சீட்டுகள் கனமாகிவிட்டன. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஆஸ்பிஸ் என்ற கிரேக்கச் சொல் பெண்பால் என்பதால், காம்ஸ்டாகாஸ்பிஸுக்கு வரும்போது பெர்னிசியோசஸ் தன் விகுதியை மாற்றிப் பெர்னிசியோசா ஆகிவிடுகிறது. பேரினம் மாறினால் இனப்பெயரின் பாலும் மாற வேண்டும் என்ற இலக்கணம் நமக்கு ஒன்றும் புதிதன்று.

ஜூன் 17

“பெயர் எதுவாக இருந்தால் என்ன, மருந்து ஒன்றுதானே?” என்ற வினாவுக்கு என்னால் அமைதியாகப் பதில் சொல்ல இயலவில்லை, ஆகவே நடந்ததைச் சொல்கிறேன்.

அயோனிடியெல்லா ஆராண்டியை மாஸ்கெல் 1879இல் பெயரிட்டார். கிச்சிலி இனத் தோட்டங்களை வாட்டும் செந்நிறச் செதில் பூச்சி அதுவே. அயோனிடியெல்லா சிட்ரினா என்ற மஞ்சள் நிறச் செதில் பூச்சியும், இன்னும் சில நெருங்கிய இனங்களும் கண்ணுக்கு அதைப் போலவே தோன்றும். கலிஃபோர்னியாவில் இதற்கு இயற்கை எதிரியைத் தேடியவர்கள் கீழை நாடுகளிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளைக் கொண்டுவந்தபோது, அவற்றில் சில, தோற்றத்தில் ஒத்த வேறு செதில் பூச்சிகளை உண்டு பழகியவையாக இருந்தன. கலிஃபோர்னியச் செந்நிறப் பூச்சியில் அவை நிலைக்கவில்லை. 1937இல் மக்கென்சி இந்த இனங்களைப் பைஜிடியத்தில் கருவாய்க்கு முன்னால் உள்ள மிகச் சிறிய தடித்த அமைப்புகளைக் கொண்டு பிரித்துக் காட்டினார். எது எதில் வாழ்கிறது என்று அதன் பிறகுதான் தெளிவாகப் பேச முடிந்தது.

குளவிகளின் பக்கத்திலும் இதே குழப்பம் இருந்தது. ஆஃபைட்டிஸ் கிரைசோம்ஃபலி ஏற்கெனவே கலிஃபோர்னியாவில் இருந்ததால், ஆசியாவில் தென்பட்ட மஞ்சள் குளவிகளும் அதுவே என்று கருதிப் பல ஆண்டுகள் அவற்றைக் கொண்டுவராமலே விட்டுவிட்டார்கள். பின்னர் 1948 அளவில் தென் சீனாவிலிருந்து வந்தது ஆஃபைட்டிஸ் லிங்னனென்சிஸ் என்னும் வேறு இனமாகவும், 1956, 1957இல் இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் வந்தது ஆஃபைட்டிஸ் மெலினஸ் என்னும் மற்றோர் இனமாகவும் அறியப்பட்டன. டிபாக் 1959இல் பெயரிட்ட அந்த மெலினஸ்தான் இறுதியில் கலிஃபோர்னியாவின் உட்பகுதித் தோட்டங்களில் செந்நிறப் பூச்சியை அடக்கியது. ஒன்றென்று எண்ணிய இரண்டைப் பிரித்தறியாததால் தாமதம் நேர்ந்தது. நுனியில் உள்ள ஒரு சிறு தடிப்பைப் பார்ப்பது வீண் வேலை என்று சொல்பவர்களுக்கு இதற்குமேல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

ஜூன் 18

நேற்றுச் சற்றுச் சூடாக எழுதிவிட்டேன். கேட்டவர் தோட்டக்காரர், அவர் வேண்டியது தெளிப்பதற்கான காலம் மட்டுமே. கவசத்துக்குக் கீழே இருப்பதை மருந்து எளிதில் எட்டாது; முட்டையிலிருந்து வந்து காலோடு நடமாடும் குஞ்சுப் பருவமே அடிபடும் பருவம். அந்தப் பருவம் ஆண்டில் எப்போது, எத்தனை முறை வரும் என்பது இனத்துக்கு இனம் மாறும் என்பதால், இங்கும் பெயரே முதலில் வந்து நிற்கிறது. செதில் பூச்சி என்றால் இலை பிசுபிசுக்க வேண்டுமே என்றும் அவர் கேட்டார். இந்தக் குடும்பத்தில் பிசுபிசுப்பு இராது. இவை தாவரத்தின் உணவு கடத்தும் குழாய்களில் அல்லாமல் சாதாரணத் திசுச் செல்களில் உறிஞ்சுபவை, தேன்கழிவை வெளியேற்றுவதில்லை. பிசுபிசுப்பு இருந்தால் அது வேறு குடும்பம்.

ஜூன் 21

கவசமே இல்லாத கவசச் செதில் பூச்சிகளும் உண்டு. ஆப்பிரிக்காவிலும் மடகாஸ்கரிலும் மெலிசோடார்சஸ் என்னும் எறும்புகள் மரப்பட்டைக்குள் குடைந்த வழிகளில் இவற்றைக் கூட்டமாக வைத்துக் காக்கின்றன. காவல் இருப்பதால் அங்கே வாழ்பவை பெரும்பாலும் கவசம் கட்டுவதில்லை. கவசத்தைக் கொண்டு வகைப்படுத்துவேன் என்பவர் அந்தப் பட்டையைப் பிளந்து பார்த்தால் என்ன செய்வார் என்று நினைத்துக் கொஞ்ச நேரம் சிரித்தேன்.

ஜூன் 28

முதலில் கேட்டவர் ஜூன் 3இல் நான் கேட்டவற்றுக்கு இப்போது விடை அனுப்பியிருக்கிறார். நீளக் கவசங்களில் ஒரு முனையில் ஒரே ஒரு மஞ்சள் தோல். முதுகில் மங்கலான வரப்புகள். வட்டக் கவசங்களில் இரண்டு தோல்கள், நடுவிலிருந்து சற்று விலகியவை. அவர் பிடிவாதத்தை விட்டுவிட்டு வட்டக் கவசங்களின் கீழிருந்து எட்டுப் பெண்களை எடுத்துப் பதித்தும் பார்த்திருக்கிறார். இரண்டாம் மடல் பிளந்திருக்கிறது. நடு மடல்கள் அடியில் ஒன்றோடொன்று பிணைந்திருக்கின்றன. நாளங்களில் இரண்டு பட்டைகள். சூடாலகாஸ்பிஸ், நீளமானவை அதன் ஆண்கள்.

இனத்தைச் சொல்ல நான் அவசரப்படவில்லை. முசுக்கொட்டையில் கண்டால் பெண்டகோனா என்று எழுதிவிடுவது வழக்கம். ஆனால் அந்தப் பெயரின் கீழ் இரண்டு இனங்கள் கலந்திருந்தன என்பதும், மற்றது புரூனிகோலா என்பதும் 1983இல் விளக்கப்பட்டது. பைஜிடியத்தின் சுரப்பி முட்களின் நுனியைப் பார்க்கச் சொன்னேன்: பெண்டகோனாவில் அவை பெரும்பாலும் பிளந்திருக்கும், புரூனிகோலாவில் பெரும்பாலும் ஒற்றையாக இருக்கும்.

ஜூலை 1

எட்டில் ஏழு பிளந்த நுனி. பெண்டகோனா என்று எழுதிக்கொள்ளலாம். எட்டாவது தகட்டில் சாயம் சரியாக ஏறவில்லை என்கிறார். கிளையின் அடிப்பட்டையிலிருந்து இன்னும் நான்கு எடுத்துப் பதிக்கச் சொல்லியிருக்கிறேன்.